நீங்கள் ஏறிய விமானத்தை ஓட்டியவர்கள்

அமெரிக்காவின் சிறு ஊர்களில் படிக்கிற, வேலை பார்க்கிற தமிழர்களுக்கு,



சென்னையில் கிளம்பி, துபாயிலோ லண்டனிலோ பிராங்க்பர்ட்டிலோ மாறி, ஹூஸ்டன் அல்லது நெவார்க் அல்லது சிகாகோ வந்து சேர்கிறீர்கள். அங்கிருந்து உங்கள் ஊருக்கு ஒரு சின்ன விமானம். இடப்பக்கம் ஒற்றை இருக்கை, வலப்பக்கம் இரட்டை இருக்கை, மொத்தம் ஐம்பது பேர். வீட்டிலிருந்து அடைத்துக்கொண்டு வந்த கைப்பெட்டி மேலே நுழையாது. ஏறும் இடத்திலேயே வாங்கிக் கீழே போட்டு, இறங்கும்போது திருப்பித் தருவார்கள். வாலில் யுனைடெட்டின் உருண்டைச் சின்னம். இறங்கியதும் வீட்டுக்குப் போன் செய்து, "யுனைடெட்ல வந்து சேர்ந்துட்டேம்மா" என்கிறீர்கள்.

உங்களைக் கொண்டுவந்து சேர்த்தது யுனைடெட் இல்லை. டிக்கெட்டில் பொடி எழுத்தில், இந்த விமானத்தை இயக்குவது இன்னார் என்று ஒரு வரி இருக்கும். அந்த இன்னார்தான் கேப்டனுக்குச் சம்பளம் கொடுக்கிறார். தண்ணீர் கொண்டுவந்து தந்த பெண்ணை வேலைக்கு எடுத்தவரும், இரவு முழுக்க இன்ஜினைத் திறந்து பார்த்த மெக்கானிக்கின் முதலாளியும் அவரே. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் அமெரிக்க விமான நிலையங்களிலிருந்து கிளம்பிய பயணிகள் விமானங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு இப்படிப்பட்ட பிராந்திய நிறுவனங்கள் ஓட்டியவை. விமானம் வந்துபோகிற ஊர்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு இவர்களை விட்டால் வேறு ஆளில்லை. கல்யாணப் பத்திரிகையில் பெண் வீட்டார் பெயர் இருக்கும், பந்திக்குச் சமைத்தவர் பெயர் இருக்காது. ஏறக்குறைய அந்தக் கணக்குதான் இது.

அந்தப் பொடி எழுத்துப் பெயர்களில் ஒன்று எப்படி மறைந்தது என்று சொல்லத்தான் இந்த மடல். அது மறைந்தபோது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்காது. விமானத்தின் நிறம் மாறவில்லை, டிக்கெட் வாங்கும் தளம் மாறவில்லை. பயணிக்குத் தெரியாமல் முடிய வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு இப்படி அமைந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பெயர் எக்ஸ்பிரஸ்ஜெட். 2020 ஜூலை 30 அன்று, தன் ஐம்பது இருக்கை எம்ப்ரேயர் 145 விமானங்களை இனி ஒரே நிறுவனம்தான் ஓட்டும், அது கம்யூட்ஏர் என்று யுனைடெட் அறிவித்தது. அதுவரை அந்த விமானங்களை எக்ஸ்பிரஸ்ஜெட்டும் கம்யூட்ஏரும் பங்குபோட்டு ஓட்டிக்கொண்டிருந்தன. செப்டம்பர் 30-ஆம் தேதி எக்ஸ்பிரஸ்ஜெட் யுனைடெட்டுக்காகக் கடைசியாகப் பறந்தது. அதற்கு வேறு வாடிக்கையாளர் கிடையாது. டெல்டாவுக்கு ஓட்டிய ஒப்பந்தம் 2018-லும், அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு ஓட்டியது 2019-லும் முடிந்துவிட்டிருந்தன. ஆக, ஒரு கையெழுத்து போனதும் ஆயிரக்கணக்கானோரின் வேலை மொத்தமாகப் போனது.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். எக்ஸ்பிரஸ்ஜெட்டின் தாய் நிறுவனத்தில் 49.9 சதவீதப் பங்கு அப்போது யுனைடெட்டுடையதாக இருந்தது. கம்யூட்ஏரில் 40 சதவீதமும் யுனைடெட்டுடையதாகவே இருந்தது. பறந்த விமானங்களில் பெரும்பாலானவையும் யுனைடெட் கொடுத்தவைதான். போட்டியிட்ட இரண்டு பேரிலும் பங்கு வைத்துக்கொண்டு, களத்தையும் சொந்தமாக வைத்துக்கொண்டு, நடுவராகவும் ஒருவரே உட்காரலாம். சட்டத்தில் இதற்குத் தடை எதுவும் இல்லை.

அந்த ஜூலை அறிவிப்புக்குச் சில மாதம் முன்புதான் இன்னொன்று நடந்திருந்தது. செயின்ட் லூயிஸைச் சேர்ந்த டிரான்ஸ் ஸ்டேட்ஸ் என்ற நிறுவனமும் யுனைடெட்டுக்காக இதே ரக விமானங்களை ஓட்டிவந்தது. 1982-ல் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் அது மூடப்படுவதாகவும், அதன் விமானங்கள் எக்ஸ்பிரஸ்ஜெட்டுக்குப் போவதாகவும் செய்தி வந்தது. ஆண்டுக் கடைசி வரை தாங்கும் என்றிருந்தது, கொரோனா வந்ததும் ஏப்ரல் 1-ஆம் தேதியே இழுத்து மூடப்பட்டது. அன்று எக்ஸ்பிரஸ்ஜெட்காரர்கள், நாம் தப்பித்தோம், நமக்கு வேலை கூடுகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். நினைப்பதில் தவறில்லை. நாலு மாதத்தில் அவர்களின் முறை வந்தது.

இந்த ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாமல் மற்றது விளங்காது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, என்ன கட்டணத்துக்கு என்பதையெல்லாம் பெரிய நிறுவனம் முடிவு செய்கிறது. டிக்கெட் விற்று வருகிற பணம் அதற்கு. எரிபொருள் செலவும் பெரும்பாலும் அதன் கணக்கில். பிராந்திய நிறுவனம் விமானிகளையும் பணியாளர்களையும் மெக்கானிக்குகளையும் கொண்டுவந்து, சொன்ன நேரத்தில் விமானத்தை ஓட்டிக்கொடுக்கிறது. பறந்த நேரத்துக்கு இவ்வளவு, ஒரு புறப்பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி. விமானத்தில் ஐம்பது பேர் இருந்தாலும் ஐந்து பேர் இருந்தாலும் அந்தக் கூலி மாறாது.

கேட்பதற்குப் பாதுகாப்பான தொழில் போலத்தான் இருக்கிறது. பயணி வராவிட்டாலும் பணம் வருகிறதே! ஆனால் யோசித்துப் பாருங்கள். கட்டணம் உங்கள் கையில் இல்லை, வழித்தடம் உங்கள் கையில் இல்லை, எண்ணெய் விலை உங்கள் தலைவலி இல்லை, பல நேரங்களில் விமானமே உங்களுடையது இல்லை. அப்படியானால் இன்னொரு பிராந்திய நிறுவனத்தைவிட நீங்கள் மலிவு என்று எதை வைத்துக் காட்டுவீர்கள்? மிச்சமிருப்பது சம்பளம் ஒன்றுதான். ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலம் வரும்போதெல்லாம் பேரம் அந்த ஒரு வரியின் மீதுதான் வந்து விழுகிறது.

நான் உங்களிடம் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்க விமானத் துறையில் எல்லாமே பணிமூப்புப் பட்டியல்தான். வேலைக்குச் சேர்ந்த நாளில் உங்களுக்கு ஓர் எண். உங்களுக்கு முன்னால் இருப்பவர் ஓய்வு பெறப் பெற நீங்கள் மேலே ஏறுவீர்கள். எந்த ஊரிலிருந்து பறப்பது, எந்த மாதம் எந்தப் பயணங்கள், தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ வீட்டில் இருக்க முடியுமா, துணை விமானி எப்போது கேப்டன் ஆவார், ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே போவார் என எல்லாவற்றையும் அந்த எண் தீர்மானிக்கிறது. மணிச் சம்பளமும் ஆண்டுக்கு ஆண்டு ஏறும். இந்த எண் அந்த நிறுவனத்துக்குள் மட்டுமே செல்லும். இருபது ஆண்டு கேப்டனாக இருந்தவர் வாசலைத் தாண்டி அடுத்த நிறுவனத்துக்குப் போனால், அங்கே நேற்றுச் சேர்ந்த இருபத்தைந்து வயதுப் பையனுக்கும் பின்னால் நிற்க வேண்டும். மறுபடியும் துணை விமானி, முதல் ஆண்டுச் சம்பளம், எப்போது கூப்பிட்டாலும் போகத் தயாராகப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ரிசர்வ் வேலை.

ஒப்பந்தம், பணிமூப்பு இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு நிறுவனத்தில் ஆட்கள் நீடித்து உழைத்தால் அவர்கள் சம்பளம் ஏறுகிறது. சம்பளம் ஏறினால் நிறுவனத்தின் செலவு ஏறுகிறது. செலவு ஏறினால் அது விலை உயர்ந்த நிறுவனம் ஆகிறது. அடுத்த ஒப்பந்தத்தில் இளைய நிறுவனம் ஒன்று மலிவாக வந்து நிற்கிறது. அதே விமானம், அதே வழித்தடம், அதே யுனைடெட் சின்னம் எல்லாம் அங்கே போகின்றன. பழைய நிறுவனத்தின் ஆட்கள் புதிய நிறுவனத்தில் விண்ணப்பம் போட்டு முதல் படியிலிருந்து தொடங்குகிறார்கள். பத்து ஆண்டு கழித்து அந்த நிறுவனமும் மூப்படையும். அனுபவம் சேரச் சேர வேலைக்கு ஆபத்து கூடுகிற தொழில் உலகத்தில் வேறு எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. அதிலும் ஐம்பது உயிர்களை வைத்துக்கொண்டு பனிப்புயலுக்குள் இறங்குகிற தொழிலில்!

டெல்டாவின் கோமேர் கதையை இதற்குப் பாடமாகவே வைக்கலாம். சின்சினாட்டியில் 1977-ல் தொடங்கிய நிறுவனம் அது. பிராந்தியப் பறப்பில் பெயர் வாங்கியது. டெல்டாவே அதை முழுதாக விலைக்கு வாங்கியது. 2001-ல் அதன் விமானிகள் கௌரவமான சம்பளம் கேட்டு 89 நாள் வேலைநிறுத்தம் செய்து, ஓரளவு வென்றார்கள். அதன் பிறகு டெல்டாவின் சின்ன விமானங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மற்ற நிறுவனங்களுக்கு நகர்ந்தன. 2012 ஜூலையில் கோமேரை மூடுவதாக டெல்டா அறிவித்தபோது, பழைய விமானங்களோடு, சக நிறுவனங்களைவிட அதிகமான செலவையும் காரணமாகச் சொன்னது. செப்டம்பர் 29-ல் கதை முடிந்தது. சொந்தப் பிள்ளையாக இருந்தும் பலனில்லை. வேலைநிறுத்தத்தில் வென்றவர்கள் பதினோரு ஆண்டுகளில் தோற்றார்கள் என்று நான் படிப்பேன். வெறும் விமானப் பொருளாதாரம் என்று டெல்டாக்காரர் படிப்பார். இரண்டிலும் உண்மை உண்டு.

எக்ஸ்பிரஸ்ஜெட்டுக்கு வருகிறேன். அது சோம்பி உட்கார்ந்து சோறு வாங்கிய நிறுவனம் இல்லை. பின்னாளில் யுனைடெட்டுடன் இணைந்த கான்டினென்டல் நிறுவனத்தின் கிளையாக, கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் ஹூஸ்டனில் வளர்ந்தது. எம்ப்ரேயர் 145 என்ற பிரேசில் விமானத்தை 1996 கடைசியில் உலகிலேயே முதலில் வாங்கியது அதுதான். 2002-ல் பங்குச் சந்தைக்குப் போனது. 2005 டிசம்பரில் கான்டினென்டல் ஒரு நோட்டீஸ் அனுப்பியது: ஒப்பந்தத்திலிருந்து 69 விமானங்களை எடுத்துக்கொள்கிறோம். திருப்பிக் கொடுத்துவிடலாம், அல்லது கூடுதல் வாடகைக்கு வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்பிரஸ்ஜெட் வைத்துக்கொண்டது. 2007 ஏப்ரலில், கலிபோர்னியாவின் ஒன்டாரியோ போன்ற ஊர்களிலிருந்து, யாருடைய சின்னமும் இல்லாமல் சொந்தப் பெயரில் பறக்கத் தொடங்கியது.

நல்ல துணிச்சல், மோசமான நேரம். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. ஐம்பது பேர் விமானத்தில் அந்த விலைக்கு எண்ணெய் ஊற்றி எவராலும் லாபம் பார்க்க முடியாது. செப்டம்பர் முதல் வாரத்தில் சொந்தப் பெயர்ச் சேவை நின்றது. இதற்கிடையில் கான்டினென்டலுடன் புதிய ஒப்பந்தம், முன்னைவிடக் குறைந்த கூலிக்கு. 2010-ல் ஸ்கைவெஸ்ட் என்ற பெரிய பிராந்திய நிறுவனம் எக்ஸ்பிரஸ்ஜெட்டை 13.3 கோடி டாலருக்கு வாங்கி, அட்லாண்டாவின் இன்னொரு நிறுவனத்துடன் இணைத்தது. 2019 ஜனவரியில் ஸ்கைவெஸ்ட் அதை 7 கோடி டாலருக்கு விற்றுக் கையைக் கழுவியது. யுனைடெட் பங்காளியாக உள்ளே வந்தது அப்போதுதான். பெரிய நிறுவனமே பங்கு போட்டுவிட்டது, இனிப் பயமில்லை என்று ஊழியர்கள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. அந்த நம்பிக்கைக்கு வயது ஒன்றரை ஆண்டு.

மூடிய பிறகும் அதன் நிர்வாகம் ஒருமுறை எழுந்து பார்த்தது. 2021 அக்டோபரில், நெவாடாவின் ரீனோ நகரத்திலிருந்து 'ஆஹா' என்ற பெயரில் சின்ன ஊர்களுக்குச் சேவை தொடங்கியது. 2022 ஆகஸ்டில் திவால் மனு போட்டு அதுவும் நின்றது. சொந்தக் காலில் நிற்க இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் விழுந்த நிறுவனம் இது. பெரிய நிறுவனத்தின் டிக்கெட் விற்பனை, அதன் இணைப்பு விமானங்கள், அதன் சின்னம் இவை இல்லாமல் ஐம்பது இருக்கை விமானம் பிழைக்காது. அந்தக் குடை விலகினால் பிராந்திய நிறுவனத்துக்கு வேறு கூரை இல்லை.

யுனைடெட்டின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் இந்த மடல் நேர்மையாக இராது. 2020 ஏப்ரலில் சில நாட்களில் அமெரிக்க விமானப் பயணிகளின் எண்ணிக்கை முந்தைய ஆண்டில் இருந்ததில் நூற்றுக்கு ஐந்து கூட இல்லை. ஜூலையில் யுனைடெட் தன் சொந்த ஊழியர்களிலேயே 36,000 பேருக்கு வேலை போகலாம் என்று நோட்டீஸ் கொடுத்தது. அரசு கொடுத்த சம்பள உதவியின் நிபந்தனை, செப்டம்பர் 30 வரை யாரையும் நீக்கக் கூடாது என்பது. இவ்வளவு சுருங்கிய சந்தையில் ஒரே ரக விமானத்தை இரண்டு நிறுவனங்கள் ஓட்ட வேண்டுமா என்ற கேள்வி நியாயமானதே. ஒப்பந்தம் முடிந்தது தவறு என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தம் என்றால் முடியும் நாள் ஒன்று உண்டு. பறப்பதற்கு வேலை மிச்சமிருந்தது, அந்த வேலை இடம் மாறியது, அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள் மட்டும் மாற முடியாமல் நின்றார்கள். என் புகார் அவ்வளவுதான்.

பெரிய நிறுவனத்தின் விமானிகளுக்கும் இதில் பங்கு உண்டு. அதைச் சங்க விசுவாசிகள் சொல்லத் தயங்குவார்கள். குறைந்த கூலிக்கு ஓட்டும் பிராந்திய நிறுவனங்களிடம் தங்கள் வேலை போய்விடக் கூடாது என்று பெரிய நிறுவன விமானிகள் தங்கள் ஒப்பந்தத்தில் வரம்பு போட்டிருக்கிறார்கள்: பிராந்திய விமானத்தில் 76 இருக்கைக்கு மேல் கூடாது, அந்த அளவு விமானமும் இத்தனைக்கு மேல் கூடாது. தங்கள் வயிற்றைக் காக்கப் போட்ட வேலி, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வேலிதான் எண்ணெய் குடிக்கும் ஐம்பது இருக்கை விமானங்களைக் காலம் கடந்தும் பிடித்து வைத்தது. எழுபது பேர் உட்காரக் கட்டிய விமானத்தில் இருபது இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு, ஐம்பது இருக்கை விமானம் என்று 2019-ல் யுனைடெட்டின் பெயரில் பறக்கவிட்ட கூத்தும் இதனால்தான் நடந்தது. யுனைடெட் விமானிகள், எக்ஸ்பிரஸ்ஜெட் விமானிகள், கம்யூட்ஏர் விமானிகள் மூவருமே ஒரே சங்கத்தின் உறுப்பினர்களாக இருந்தார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஒரே கொடியின் கீழ் நின்றும் மூத்தவனின் எண் வேறு, இளையவனின் எண் வேறு.

இதெல்லாம் அவர்கள் பாடு, எனக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். 2009 பிப்ரவரி 12 இரவு நெவார்க்கிலிருந்து பஃபலோவுக்குக் கிளம்பிய விமானத்தில் இருந்தவர்கள் கான்டினென்டலில் டிக்கெட் வாங்கியவர்கள். ஓட்டியது கோல்கன் ஏர் என்ற பிராந்திய நிறுவனம். பஃபலோவை நெருங்கும்போது விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. உள்ளே இருந்த 49 பேரும் அந்த வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறாகச் செயல்பட்டதே முதன்மைக் காரணம் என்றது விசாரணை. அதே விசாரணையில் வேறு சில விஷயங்களும் வெளியே வந்தன. துணை விமானி சியாட்டில் பக்கம் பெற்றோருடன் வசித்தார், நெவார்க்கில் வேலை. முந்தைய இரவு முழுக்கச் சரக்கு விமானங்களில் நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்து, விமான நிலைய ஓய்வறையில் நேரத்தைக் கழித்துவிட்டுப் பணிக்குப் போனார். அவருடைய சம்பளத்தைக் கேட்டு விசாரணை மண்டபமே திகைத்தது.

இறந்தவர்களின் குடும்பங்கள் வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தன. 2010-ல் ஒரு சட்டம் வந்தது. அதுவரை 250 மணி நேரம் பறந்தவர் துணை விமானி ஆக முடியும். 2013 முதல் பெரும்பாலோருக்கு அது 1,500 மணி நேரம் ஆனது. டிக்கெட் விற்கும் இணையதளம், விமானத்தை உண்மையில் இயக்குவது யார் என்பதை முதலில் காட்டும் பக்கத்திலேயே சொல்ல வேண்டும் என்பதும் அதே சட்டம். நீங்கள் படிக்காமல் தாண்டிப் போகிற அந்தப் பொடி வரிக்கு ஐம்பது பேரின் சாவு பின்னால் இருக்கிறது.

சரி, எக்ஸ்பிரஸ்ஜெட்டை மூடியதில் யாருக்கு லாபம்? 2021 பிற்பகுதியில் பயணிகள் திரும்பி வந்தார்கள். பெரிய நிறுவனங்கள் பிராந்திய நிறுவனங்களிலிருந்து விமானிகளை அள்ளிக்கொண்டன. சின்ன விமானங்களை ஓட்ட ஆளில்லை. நவம்பரில் யுனைடெட் சில ஊர்களை விட்டு விலகுவதாக அறிவித்தது. காலேஜ் ஸ்டேஷன், லான்சிங், கலமசூ எல்லாம் அந்தப் பட்டியலில். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்குத் தெரியும், அதன் பிறகு ஹூஸ்டனில் இறங்கினால் காருக்கு ஆள் தேட வேண்டும், இல்லையென்றால் டல்லாஸ் வழியாகச் சுற்ற வேண்டும். 2022 மார்ச்சில் ஸ்கைவெஸ்ட், அரசு மானியத்தில் தான் ஓட்டிவந்த 29 சிற்றூர்களிலிருந்து விலக அனுமதி கேட்டது. காரணம் விமானிப் பற்றாக்குறை. அந்த ஜூனில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் பிராந்திய நிறுவனங்களான என்வாயும் பீட்மான்ட்டும் முதல் ஆண்டுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர், கேப்டனுக்கு 146 டாலர் என்று அறிவித்தன. சம்பளத்தைக் கூட்டவே முடியாது, கூட்டினால் ஒப்பந்தம் கைவிட்டுப் போகும் என்று இருபது ஆண்டு சொல்லிவந்த தொழிலில், ஆள் கிடைக்காத ஆறு மாதத்தில் பணம் எங்கிருந்தோ வந்துவிட்டது.

விமானிக்காவது அந்தக் காலம் வந்தது. அவர்களுடன் அதே நாளில் வெளியே வந்த பணிப்பெண்ணுக்கும், மெக்கானிக்குக்கும், அலுவலகக் கணக்கருக்கும் அப்படி ஓர் அலை வரவில்லை. அந்நாட்களில் அமெரிக்காவில் பெரும்பாலான விமானங்களில் பணிப்பெண்ணின் மணிக்கூலி கதவு மூடிய பிறகுதான் ஓடத் தொடங்கியது. நீங்கள் ஏறும்போது சிரித்து வரவேற்று, உங்கள் பெட்டிக்கு இடம் தேடித் தருகிற அரை மணி நேரத்துக்குச் சம்பளம் கிடைக்கவில்லை. 2022-ல் டெல்டா அதற்குப் பாதிக் கூலி கொடுக்கத் தொடங்கியதே பெரிய செய்தியானது. அப்படிப்பட்ட வேலையில் பதினைந்து ஆண்டு இருந்து, வார இறுதியை வீட்டில் கழிக்கும் அளவுக்குப் பட்டியலில் மேலே வந்தவர், ஐம்பது வயதில் மறுபடி கடைசி எண்ணாகப் போய் நிற்க வேண்டியிருந்தது.

உங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்று இருக்கிறது. அதற்கு முன் இன்னொரு சட்டத்தைச் சொல்ல வேண்டும். 2001-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தை வாங்கியது. டி.டபிள்யூ.ஏ.வின் பணிப்பெண்கள் எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் அமெரிக்கனின் பட்டியலில் கடைசியில் சேர்க்கப்பட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 11-க்குப் பிறகு ஆட்குறைப்பு வந்தபோது முதலில் போனவர்கள் அவர்கள்தான். டி.டபிள்யூ.ஏ.வின் தாய்வீடான மிசௌரியின் இரு செனட்டர்கள், ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி, சேர்ந்து 2007-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். மெக்கஸ்கில்-பாண்ட் திருத்தம் என்று பெயர். இரண்டு விமான நிறுவனங்கள் இணைந்தால் இரு தரப்பு ஊழியர்களின் பணிமூப்பும் நியாயமான முறையில் ஒரே பட்டியலாகச் சேர்க்கப்பட வேண்டும் என்கிறது அது.

நல்ல சட்டம், ஆனால் அது பேசுவது இணைப்பைப் பற்றி. உரிமையிலோ சொத்திலோ பாதியோ அதற்கு மேலோ கைமாறினால்தான் அது உயிர்பெறும். எக்ஸ்பிரஸ்ஜெட்டும் கம்யூட்ஏரும் இணைக்கப்பட்டிருந்தால் எக்ஸ்பிரஸ்ஜெட் ஊழியர்களுக்கு இந்தச் சட்டம் துணை நின்றிருக்கும். இணைக்கவில்லை. ஒன்றின் ஒப்பந்தம் முடிந்தது, மற்றொன்றின் ஒப்பந்தம் பெருத்தது, அவ்வளவே. விமானங்கள் போயின, வழித்தடங்கள் போயின, பயணிகளும் போனார்கள். சட்டத்தின் கண்ணுக்கு எதுவுமே கைமாறவில்லை. டிரான்ஸ் ஸ்டேட்ஸ் ஊழியர்களுக்கும் இதே கதைதான். அவர்களும் மிசௌரிக்காரர்கள், அந்தச் சட்டத்தைப் பெற்றெடுத்த அதே செயின்ட் லூயிஸ்காரர்கள்.

உங்களில் பலர் இப்போது அமெரிக்கக் குடிமக்கள். மருத்துவமனை ஒன்றும் விமான நிலையம் ஒன்றும் மட்டுமே இருக்கிற ஊர்களில் டாக்டராக இருபது ஆண்டு இருந்தவர்கள் இருக்கிறீர்கள். ஊர்க்காரர்கள் உங்கள் பேச்சைக் கேட்பார்கள். சின்ன ஊர்களில் விமானச் சேவையைத் தக்கவைக்க நகராட்சியும் வணிகர் சங்கமும் நிறுவனங்களுக்கு வருமான உத்தரவாதம் கொடுப்பது உண்டு. அந்தக் கூட்டங்களுக்குப் போனால், எத்தனை விமானம் வரும் என்று கேட்பதோடு, அதை ஓட்டப் போவது யார், அவர்களின் ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்றும் கேளுங்கள். கேள்வி கேட்கும் ஊர் என்று பெயர் வந்தால் நல்லதுதான்.

மாணவர்களுக்கு ஓட்டு இல்லை, கூட்டத்தில் நாற்காலியும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் பெரிய நிறுவனம் உங்கள் கருத்தைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புகிறது. விமானியோ பணிப்பெண்ணோ நன்றாக நடந்துகொண்டிருந்தால், எந்த நிறுவனத்தின் ஊழியர் என்று அந்தப் பொடி எழுத்துப் பெயரைச் சேர்த்து எழுதுங்கள்.

குடிமக்களாக இருப்பவர்கள் உங்கள் தொகுதிப் பிரதிநிதிக்கும் இரு செனட்டர்களுக்கும் எழுதுங்கள். ஒரு விமான நிறுவனத்தின் பறப்பு வேலை ஒப்பந்தத்தின் மூலம் இன்னொன்றுக்கு மாறும்போது, அந்த வேலையைச் செய்தவர்களும் தங்கள் பணிமூப்போடு மாற உரிமை வேண்டும். மெக்கஸ்கில்-பாண்ட் திருத்தத்தை அதற்கும் நீட்டுங்கள் என்று கேளுங்கள். அடுத்த ஒப்பந்தம் முடிகிற நாள் வருவதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்